குத்தகை முடிந்து வெளியேறும்போது: பழுதுபார்ப்பும் வண்ணப் பூச்சும்

இங்கிலாந்தில் எங்கள் சிறு நிறுவனம் பத்தாண்டுக் குத்தகையில் வைத்திருந்த அலுவலகத்தை அண்மையில் காலி செய்தோம். வாடகை பாக்கியில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்றே இங்குள்ள சிறு தொழில் நடத்துவோர் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கட்டடத்தை எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது தனிக் கணக்கு. ஒப்படைக்கும் கட்டடத்தின் குறைகளுக்காக உரிமையாளர் குத்தகைதாரரிடம் பணம் கேட்பதை, கட்டட நிலையை ஆராய்ந்து மதிப்பிடும் சர்வேயர்கள் ‘டைலப்பிடேஷன்ஸ்’ என்கிறார்கள். இந்தக் கோரிக்கை பல மாத வாடகைக்குச் சமமான தொகையாக வந்து நிற்கக்கூடும் என்பதால், அதை நாங்கள் எப்படிக் கடந்தோம் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

குத்தகை முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே சர்வேயர் ஒருவரை எங்கள் சார்பில் அமர்த்தினோம். அவர் கட்டடத்தைப் பார்க்குமுன் காகிதங்களைத்தான் கேட்டார்: குத்தகைப் பத்திரம், இடையில் நாங்கள் செய்த மாற்றங்களுக்கு உரிமையாளர் எழுதிக் கொடுத்த அனுமதிகள், குடிபுகுந்தபோது புகைப்படங்களுடன் பத்திரத்தில் இணைக்கப்பட்ட நிலைமைப் பதிவேடு. பழுதுபார்த்தல், வண்ணம் பூசுதல், செய்த மாற்றங்களை நீக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டுவருதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு கடமைகள் என்பதும், ஒவ்வொன்றுக்கும் பத்திரத்தில் தனி வாசகம் உண்டு என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெளிவாயின.

இவற்றுள் பழுதுபார்த்தலே அதிகச் சர்ச்சைக்கு இடமளிப்பது. ‘நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும்’ என்று பத்திரம் சொன்னால், பழுதான நிலையில் பெற்ற இடத்தைச் சரிசெய்து வைக்கும் பொறுப்பும் அதில் அடங்கிவிடும் என்று இந்நாட்டு நீதிமன்றங்கள் பொருள்கொள்கின்றன. ஆகவே ‘நாங்கள் வரும்போதே இப்படித்தான் இருந்தது’ என்ற வாதம் தானாக நிற்காது. எங்கள் குத்தகையில், பதிவேடு காட்டும் நிலையைவிட மேம்பட்ட நிலையில் ஒப்படைக்க வேண்டியதில்லை என்ற வாசகம் இருந்ததாலும், பின்சுவரின் ஓதக் கறை அந்தப் படங்களில் தெளிவாகப் பதிவாகியிருந்ததாலும் மட்டுமே அந்தச் சுவரின் செலவிலிருந்து தப்பினோம். மறுபுறம், பழுதுபார்த்தல் என்பது புதுப்பித்துத் தருவதும் அன்று. 1890ஆம் ஆண்டின் ப்ரௌட்ஃபுட் எதிர் ஹார்ட் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் செல்லுபடியாகிறது: கட்டடத்தின் வயது, தன்மை, அமைந்துள்ள பகுதி ஆகியவற்றைக் கருதி, அங்கே குடிவரக்கூடிய நியாயமான ஒருவருக்கு ஏற்ற நிலையில் இருந்தால் போதும். எங்கள் குளிரூட்டும் இயந்திரம் பழையது, ஆனால் ஒழுங்காக ஓடியது. பழையது என்பதாலேயே ஒன்று பழுதானதாகிவிடாது என்பதே எங்கள் பதிலின் அடிப்படையாக இருந்தது.

வண்ணப் பூச்சு எளிது. சுவர் பார்வைக்குத் தூய்மையாக இருந்தாலும், குத்தகையின் கடைசி ஆண்டில் உட்புறம் முழுவதற்கும் பூச வேண்டும் என்று பத்திரம் சொன்னால் பூசத்தான் வேண்டும். நிறத்துக்கு உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்பட்டதால் அதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றோம்.

நாங்கள் எழுப்பிய தடுப்புச் சுவர்களை, உரிமையாளர் கேட்டால் அகற்ற வேண்டும் என்பது அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனை. அவருடைய விருப்பத்தை நேரடியாகக் கேட்டோம். கூட்ட அறை ஒன்று அப்படியே இருக்கட்டும் என்றார். அதையும் கடிதமாக வாங்கிக்கொண்டு மற்றவற்றை இடித்தோம்.

செய்ய வேண்டியவற்றைக் குத்தகைக் காலத்துக்குள் செய்துவிடுவதே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். கடைசி நாள் கடந்துவிட்டால் உள்ளே நுழைந்து வேலை செய்யும் உரிமை நமக்கு இல்லை. பிறகு மிஞ்சுவது இழப்பீட்டுப் பணம் மட்டுமே, அதுவும் உரிமையாளர் தரப்பு மதிப்பிடும் விலையில் தொடங்கும். சாவி நம் கையில் இருக்கும்வரை ஆளைத் தேர்வதும் விலை பேசுவதும் நம்முடையவை. பூச்சு, தடுப்புச் சுவர், கதவுகள் ஆகியவற்றை நாங்கள் முடித்துவிட்டு, பொறுப்பு யாருடையது என்பதில் ஐயம் இருந்தவற்றை மட்டும் பேச்சுக்கு விட்டோம்.

வெளியேறிய பின் கோரிக்கைப் பட்டியல் வந்தது. குத்தகை முடிந்து 56 நாட்களுக்குள் உரிமையாளர் அதை அனுப்ப வேண்டும் என்றும், குத்தகைதாரர் மேலும் 56 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்றும் வழக்குக்கு முந்தைய நடைமுறை நெறி குறிப்பிடுகிறது. மீறப்பட்டதாகச் சொல்லப்படும் நிபந்தனை, குறை, அதற்கான வேலை, செலவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி இருந்தது. எங்கள் சர்வேயர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பதில் எழுதினார். கறைபட்ட பகுதியை மட்டும் மாற்றினால் போதுமான இடத்தில் முழுத் தரைவிரிப்புக்கும் விலை போட்டிருந்தார்கள். உரிமையாளர் வாட் வரியைத் திரும்பப் பெறக்கூடியவராக இருந்தும் அந்த வரி தொகையில் சேர்க்கப்பட்டிருந்தது. திரும்பக் கிடைக்கும் பணம் இழப்பாகாது என்று அதை நீக்கச் சொன்னோம்.

எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது 1927ஆம் ஆண்டின் நிலவுரிமையாளர், குத்தகைதாரர் சட்டத்தின் 18(1) பிரிவு. பழுதுபார்ப்புக் கடமையை மீறியதற்கான இழப்பீடு, அந்தப் பழுதுகளால் உரிமையாளரின் சொத்து மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதைத் தாண்டக் கூடாது. குத்தகை முடிந்த சிறிது காலத்தில் கட்டடம் இடிக்கப்படவோ அமைப்பு மாற்றப்படவோ இருந்து, அதனால் அந்தப் பழுதுபார்ப்பு வீணாகிவிடுமானால் அதற்கு இழப்பீடே கிடையாது. உள்ளூராட்சியின் திட்ட அனுமதிப் பதிவேடு எவரும் பார்க்கக்கூடியது. அதில், நாங்கள் வெளியேறுவதற்கு முன்பே, முன்புறச் சுவரை மாற்றிச் சன்னல்கள் அனைத்தையும் புதிதாக வைக்க உரிமையாளர் விண்ணப்பித்திருந்ததைச் சர்வேயர் கண்டெடுத்தார். அகற்றப்படவிருக்கும் சன்னல்களைப் பழுதுபார்க்க எங்களிடம் பணம் கேட்பது எப்படி நியாயம்? பட்டியலைத் தயாரிக்கும் சர்வேயர், கட்டடம் குறித்த உரிமையாளரின் திட்டங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டதாக உறுதிமொழி எழுத வேண்டும் என்று அந்த நெறியே கேட்கிறது. அதைச் சுட்டிக்காட்டியதும் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. வண்ணப் பூச்சும் தடுப்புச் சுவர் அகற்றலும் பழுதுபார்ப்புக்கான இந்தப் பிரிவைச் சார்ந்தவை அல்ல என்று பொதுவாகக் கொள்ளப்படுவதால், அவற்றை முன்பே முடித்திருந்தது மேலும் பயனளித்தது.

மீதமிருந்தவற்றை இரு தரப்புச் சர்வேயர்களும், பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாத சமரசப் பேச்சு என்ற நிபந்தனையுடன் சந்தித்துப் பேசி முடித்தார்கள். கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குக்கே உடன்பாடு ஏற்பட்டது. அது முன்பணத்திலிருந்து கழிக்கப்பட்டு மீதி எங்களுக்குத் திரும்பியது. குத்தகை தொடர்பான எல்லாக் கோரிக்கைகளுக்கும் இதுவே முழுமையான இறுதித் தீர்வு என்றும், எங்கள் பங்குதாரர் கொடுத்திருந்த தனிப்பட்ட உத்தரவாதம் இத்துடன் விடுவிக்கப்படுகிறது என்றும் ஒப்பந்தத்தில் எழுதிய பிறகே கையெழுத்திட்டோம்.