ஜிம்மியின் இடுப்புப் புண்ணும் கார் அடியில் தூங்கிய பூனையும்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் எங்கள் லேப்ரடார் ஜிம்மிக்கு வாலுக்குச் சற்று மேலே, வலது இடுப்பில் புண் வந்தது. காலையில் வாக்கிங் போனபோது ஒன்றுமே இல்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு முடி பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கிறது. விலக்கிப் பார்த்தேன். தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்தது, நீர் கசிந்தது, தொட்டால் சுட்டது. வாடை வேறு. நாய் வளர்ப்பவர்கள் ஹாட் ஸ்பாட் என்று சொல்லும் ஈரப்புண் இதுதான்.

ஒரே பகலில் இவ்வளவு பெரிதாகுமா என்று யாரும் கேட்பார்கள். ஆகும். எங்கோ அரிக்கிறது, நாய் கடித்துக் கடித்து நக்குகிறது, தோலின் மேல் அடுக்கு போய்விடுகிறது. தோலில் எப்போதும் சும்மா குடியிருக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு அந்த ஈரமும் சூடும் போதும். அது பெருகப் பெருக அரிப்பும் கூடுகிறது, நாய் இன்னும் கடிக்கிறது. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி உள்முடி அடர்ந்த ஜாதிகளுக்கு, மழைக்காலத்தில் அந்த உள்முடி காய்வதே இல்லை. நம் ஊர் நாட்டு நாய்களுக்கு இது அவ்வளவாக வராததற்கு அவற்றின் குட்டை முடியும் ஒரு காரணம்.

அம்மா உடனே அம்மியைப் பார்த்தாள். “பச்ச மஞ்சளையும் வேப்பிலையையும் அரைச்சு நல்லெண்ணெயில கொழச்சுப் போடுடா, ரெண்டு நாள்ல வத்திடும்.” மனிதருக்கு வரும் சிராய்ப்புக்கு அது சரியாக இருக்கலாம். கசிகிற புண்ணின் மேல் எண்ணெய்ப் பசையைப் பூசினால் காற்று புகாமல் அடைத்துக்கொள்ளும், அடியில் சீழ் கோக்கும். அது போக, நாய் அதை நக்கியே தீரும். அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. “டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடலாம்மா” என்று தள்ளிப்போட்டேன். அது வேலை செய்தது.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மும்மருந்துக் களிம்பும் அப்படித்தான். படைக்கும் அரிப்புக்கும் நம் வீடுகளில் எல்லோரும் தடவும் அந்த ட்யூபில் பெரும்பாலும் குளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டு இருக்கும். அதை நாயின் உரிந்த தோலில் பூசி, நாயும் நக்கினால் மருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்குக் கணக்கே இல்லை. துத்தநாகம் கலந்த கேலமைன், டயப்பர் க்ரீம் வகையும் நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் மூன்றும் பச்சைப் புண்ணை எரித்து, ஆறுகிற திசுவையும் கொல்லும். அன்று ராத்திரி நான் செய்தது ஒன்றே ஒன்று. மெடிக்கலில் நார்மல் சலைன் பாட்டில் வாங்கி, பஞ்சில் நனைத்துப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, விடியும் வரை நக்கவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பார்த்த டாக்டரம்மா மருந்துக்குப் போகவே இல்லை, ட்ரிம்மரைத்தான் எடுத்தார். “இதை முதல்ல மழிக்கணும் சார். நீங்க பாக்கறது பாதிதான்.” ஜிம்மியின் வாயைத் துணிப் பட்டையால் கட்டச் சொன்னார். எவ்வளவு சாதுவான நாயும் இந்த இடத்தைத் தொட்டால் கடிக்கப் பார்க்கும், அவ்வளவு வலி. முடி வழிய வழியத்தான் எனக்கே தெரிந்தது. வெளியே உள்ளங்கை அளவு தெரிந்தது உள்ளே அதைப் போல் இரண்டு மடங்கு பரவியிருந்தது. நல்ல தோல் ஒரு விரற்கடை வெளியே தெரியும் வரை மழித்தார். பிறகு குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியின் நீர்த்த கரைசலால் துடைத்தார். வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். முடியும் தோலும் சேர்ந்து ஒட்டியிருப்பதால் தோலே வெட்டுப்படுமாம்.

அடுத்து அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கண்ணாடிச் சில்லைப் புண்ணின் மேல் அழுத்தி எடுத்து, நீலச் சாயத்தில் முக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். திராட்சைக் கொத்து மாதிரி கருநீல உருண்டைகள். “பாக்டீரியா இருக்கு, ஈஸ்ட் இல்ல. புண்ணோட ஓரத்துல சின்னச் சின்னக் கொப்புளமும் இல்ல. அதனால மேலாக இருக்கிற தொற்றுதான், வாய் வழியா ஆன்டிபயாடிக் வேண்டாம்.” ஓரத்தைச் சுற்றிக் கொப்புளம் இருந்தால் மயிர்க்கால் வரை தொற்று போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மாத்திரை கட்டாயம், வாரக்கணக்கில் தர வேண்டி வரும். லேப்ரடார், கோல்டன்களுக்குக் கன்னத்தில் வரும் புண்ணில் இது அதிகம். எடுத்த எடுப்பில் ஆன்டிபயாடிக் எழுதுகிறவர்களையே பார்த்துப் பழகிப்போனதாலோ என்னவோ, வேண்டாம் என்று காரணத்தோடு சொன்ன இடத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வெளிப்பூச்சு ஸ்ப்ரே ஒன்றும், சில நாட்களுக்கு அரிப்பைத் தணிக்க ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் தந்தார். அளவை நான் இங்கே எழுதவில்லை, எடையையும் மற்ற நோய்களையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது அது. தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இந்த மாத்திரை உள்ளே போனால் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், நடுராத்திரியில் வெளியே போக எழுப்பும், பசி ஏறும். லேப்ரடாருக்குப் பசி ஏறினால் எப்படி இருக்கும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தேங்காய் துருவும் சத்தத்துக்கே அவன் சமையலறைக்கு வந்துவிடுவான். அந்த வாரம் குக்கர் மூடியைத் தொட்டாலே வந்தான். மூட்டு வலிக்குத் தரும் மெலாக்ஸிகாம் வகை மாத்திரையோடு இதைச் சேர்க்கவே கூடாது, குடலில் ரத்தம் கசியும்.

மருந்தை விடக் கஷ்டம் கழுத்துக் கூம்பு. புண்ணுக்குப் பாதி வைத்தியம் நக்கவிடாமல் இருப்பதுதான் என்பதால் அதைத் தவிர்க்க வழியில்லை. காற்றடித்த ரப்பர் வளையம் வாங்கலாமா என்று பார்த்தேன். அது கழுத்து, மார்புப் புண்ணுக்குச் சரி. ஜிம்மி உடம்பை வளைத்தால் வால் வரை வாய் எட்டும், வளையம் தடுக்காது. பிளாஸ்டிக் கூம்புதான் வாங்கினோம். முதல் நாள் அதோடு சமையலறை வாசலில் மாட்டிக்கொண்டு, பின்னால் போகத் தெரியாமல், முன்னால் இருந்த தவலையை உருட்டி, தரையெல்லாம் தண்ணீர். சாப்பாட்டுத் தட்டை ஒரு மணைமேல் வைத்தோம். கூம்பின் விளிம்பு தரையில் இடிக்காததால் அதன் பிறகு அவனே சமாளித்துக்கொண்டான். பாவம் என்று யாராவது ஐந்து நிமிஷம் கழற்றினால் அந்த ஐந்து நிமிஷம் போதும் அவனுக்கு. எங்கள் வீட்டில் அந்த யாராவது எப்போதும் அப்பாதான்.

புண் ஒரு வாரத்துக்குள் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. அது சுலபமான பாதி. அதற்கு முந்தைய வருஷமும் அதே பருவத்தில் அதே பக்கம் ஒரு புண் வந்து, பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி மட்டும் போட்டு அனுப்பி, ஆறி, இப்போது திரும்பி வந்திருக்கிறது. அப்போது யாரும் ஏன் அரிக்கிறது என்று கேட்கவில்லை. இந்த டாக்டரம்மா அதைத்தான் கேட்டார். கேட்டதோடு, புண் இருக்கும் இடமே பாதிப் பதில் சொல்லும் என்றார். காதுக்குக் கீழே கன்னத்தில் வந்தால் காதுக்குள் பார்க்க வேண்டும், உள்ளே தொற்று இருக்கலாம். இடுப்பு எலும்பு மேலேயே வந்தால், வயதான நாய் என்றால், மூட்டு வலிக்காக நக்கியிருக்கலாம். ஆசனவாய்ப் பைகள் நிரம்பிக் கிடந்தாலும் வால் பக்கம் கடிக்கும். அவற்றையும் பிதுக்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை. வாலடி, முதுகின் பின்பாதி, பின்தொடை என்றால் முதல் சந்தேகம் தெள்ளு, அதாவது ஃப்ளீ என்கிற துள்ளும் பூச்சி.

“தெள்ளா? ஒண்ணைக்கூட பாத்ததில்லையே மேடம்” என்றேன். உண்ணி வரும், பிடுங்குவோம். தெள்ளு பார்த்ததே இல்லை. அவர் மறுத்துப் பேசவில்லை. நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியில் நாலு இழுப்பு இழுத்தார். சீப்பில் மிளகுத்தூள் அளவில் கொஞ்சம் கருப்புத் துகள். அதை ஈர டிஷ்யூவில் தட்டினார். சற்று நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வட்டம் ஊறியது. ஜிம்மியின் ரத்தம்! தெள்ளு குடித்துக் கழித்தது. மண் தூசியாக இருந்தால் நிறம் ஊறாது. இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஒரு பேன் சீப்பும் நனைத்த வெள்ளைத் துணியும் போதும்.

தெள்ளு அலர்ஜி உள்ள நாய்க்கு நூறு தெள்ளு தேவையில்லை. அதன் எச்சிலில் இருக்கும் புரதம்தான் ஒத்துக்கொள்ளாதது, எப்போதோ ஒன்றிரண்டு கடித்தாலே நாள்கணக்கில் அரிக்கும். அரிப்பில் கடித்துக் கடித்து அந்தத் தெள்ளையும் நாய் விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் எதுவும் படுவதில்லை. வீட்டில் இரண்டு நாய் இருந்து ஒன்றுக்கு மட்டும் அரிப்பு என்றால் இன்னொன்றுக்குத் தெள்ளு இல்லை என்று நினைக்கக் கூடாது, அதற்கு அலர்ஜி இல்லை, அவ்வளவுதான்.

எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போகவில்லை. போர்டிகோவில் நிற்கும் கார் அடியில் மழைக்கு ஒதுங்கும் தெருப்பூனை ஒன்று, வெயில் அடித்தால் எங்கள் வாசல் கயிற்று மிதியடியில் படுக்கும். அது எழுந்து போனதும் அதே மிதியடியில் ஜிம்மி. நாய்களின் மேல் இருப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளு இனம்தான். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் 40, 50 முட்டைகூட இடும், அவை முடியில் நிற்காமல் உதிர்ந்து மிதியடி இடுக்கில், சோபா மடிப்பில் போய்ச் சேரும். நாய் மேல் நாம் காண்பது மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான், மிச்சமெல்லாம் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக வீட்டுக்குள் கிடக்கிறது. கூட்டுப்புழு எந்த மருந்துக்கும் மசியாது. மாதக்கணக்கில் காத்திருந்து, நடமாட்ட அதிர்வும் உடல் சூடும் பட்டதும் வெளியே குதிக்கும்.

ஆகவே ஜிம்மிக்கு மாதம் ஒரு முறை, தெள்ளைக் கொல்லும் மெல்லும் மாத்திரை. இந்த ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகள் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் அதற்கென்றே எச்சரிக்கை விட்டது. மிதியடியைத் தூக்கிப் போட்டோம். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை சுடுதண்ணீரில் துவைத்தோம். சோபா மடிப்பு, கட்டில் அடி எல்லாம் வேக்யூம் போட்டு, குப்பையை உடனே வெளியே கொட்டினோம். மாத்திரை கொடுத்த பிறகும் சில வாரம் ஒன்றிரண்டு புதுத் தெள்ளு தென்படும். மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது, கூட்டிலிருந்து வருபவை அவை.

பூனை விஷயத்தில்தான் வீட்டில் பஞ்சாயத்து. விரட்டிவிடலாம் என்றார் அப்பா. விரட்டினால் பக்கத்து வீட்டு மதிலில் படுக்கும், அவ்வளவே. தெள்ளுக்காக நாய்க்கு வாங்கும் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையைக் கொன்றேவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்து, பூனைக்கென்றே தனி மருந்து எழுதித் தந்தார். அம்மா தட்டில் நெத்திலி வைத்தாள். பூனை தின்னும் சமயம் பார்த்துப் பிடரி முடியை விலக்கி நான் சொட்டைவிட்டேன். கையில் இரண்டு கீறலோடு முடிந்தது.

இதற்கிடையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சிக்கனைக் குற்றம் சொன்னார்கள். தயிர் சாதம் மட்டும் போடு என்றார்கள். நாய்களுக்கு அலர்ஜி தரும் உணவுகளில் மாட்டிறைச்சிக்கு அடுத்து வருவதே பால் பொருள்தான் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும். உணவு அலர்ஜியை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய முடியாது. இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதத்தைக் குறைந்தது 8 வாரம் கொடுத்து, பிஸ்கட் துண்டுகூட உள்ளே போகாமல் பார்த்து, பிறகு பழைய சாப்பாட்டைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். தெள்ளை ஒழிக்காமல் அதில் இறங்கினால் முடிவு எதுவும் தெளிவாகத் தெரியாது.

குளியலும் மாறிவிட்டது. குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு நுரையோடு 10 நிமிஷம் ஊற வேண்டும், உடனே அலசினால் காசுக்குப் பிடித்த கேடு. அலசியபின் டவலால் துவட்டி, பெடஸ்டல் ஃபேன் முன்னால் உட்காரவைத்து உள்முடியை விரலால் கோதிக் காயவைப்போம். மழையில் வாக்கிங் போய் வந்தாலும் அதே ஃபேன்.

மழித்த இடத்தில் முடி வளர இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது, தோல் கொஞ்சம் கறுத்திருக்கிறது. இந்த வருஷ மழையில் இடுப்பில் எதுவும் வரவில்லை. ஆனால் சில வாரமாக முன்னங்கால் விரலிடுக்கை நக்கத் தொடங்கியிருக்கிறான், நக்கிய முடி செம்பட்டையாகிவிட்டது. பாதம் என்றால் வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம் மாதிரிக் காற்றில் வரும் அலர்ஜியாக இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. தோலைச் சுரண்டிப் பார்த்ததில் சொறிப் பூச்சி இல்லை. அரிப்பு கூடினால் ஓக்லாசிடினிப் மாத்திரை தொடங்கலாம், அவனுக்கு ஒரு வயது எப்போதோ தாண்டிவிட்டதால் தடையில்லை என்றார். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, ஒரு தடவை அங்கேயும் காட்டிவிடச் சொன்னார். அடுத்த வாரம் லீவ் போட்டிருக்கிறேன்.