ஏழு நிமிடம் முந்திக்கொண்ட சூரியன்

ஊரிலிருந்து என் மச்சினன் வந்திருந்தான். புதுச்சேரியில் கல்யாண வீடியோ எடுப்பவன். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் இறங்கிய மறுநாளே போனில் ஒரு படத்தைக் காட்டினான். மேகக்கடலுக்கு மேல் ஃபூர்னேஸ் எரிமலை, அதன் தோளை ஒட்டிச் சூரியன்.

"மாமா, இதே ஃப்ரேம் எனக்கு வேணும்."

படம் எடுக்கப்பட்ட இடம் பித்தோன் தெ நேஜ். 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடலிலேயே உயரமான சிகரம். பெயர்தான் பனிச் சிகரம். பனி விழுவதெல்லாம் அத்தி பூத்தாற்போல. பதினோரு வருடமாக இந்தத் தீவில் இருக்கிறேன். அந்தச் சிகரத்தைக் கீழேயிருந்து மரியாதையாகப் பார்ப்பதோடு சரி.

ஜூலைக் கடைசியில் கிளம்பினோம். ஊரில் ஆடி, இங்கே குளிர்காலம். சிலாவோஸ் என்ற மலையூருக்குப் போகும் சாலையில் 400 வளைவு என்பார்கள். மச்சினன் எண்ண ஆரம்பித்து முப்பத்தைந்தாவது வளைவில் எண்ணிக்கையையும் தின்ற இட்லியையும் சேர்த்தே விட்டான். அங்கிருந்து தங்கும் குடிலுக்கு 1,100 மீட்டர் ஏற்றம். அவன் பையில் கேமரா, ட்ரைபாட், லென்ஸ்கள். என் பையில் புளியோதரையும், அவன் பையில் இடமில்லாமல் போன லென்ஸ்களும். தேசியப் பூங்காவில் பறக்கவிடக் கூடாது என்று சொல்லி டிரோனை வீட்டிலேயே வைக்கச் செய்ததுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இரவு குடிலில் சோறு, பருப்பு, சொசீஸ் ரூகாய் என்கிற பன்றி சாசேஜ் குழம்பு. ஆடி வெள்ளி என்பதால் நாங்கள் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு புளியோதரையைப் பிரித்தோம். எதிரில் ஒரு மல்பார் பெரியவர், அதாவது இந்தத் தீவின் தமிழ் வம்சாவளிக்காரர். அச்சு அசல் என் காரைக்கால் சித்தப்பா ஜாடை. ஆனால் வாயைத் திறந்தால் தீவின் கிரியோல் மொழிதான். தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். ஒரு கை புளியோதரை வைத்தேன். சாப்பிட்டுவிட்டு கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அப்புறம், இந்த மாதம் வானம் சுத்தமாக இருந்தால் உச்சியிலிருந்து மொரீஷியஸ் தெரியும் என்றார்.

நான் மொழிபெயர்த்ததும் மச்சினன், "இருநூறு கிலோமீட்டருக்கு மேல மாமா. பெரியவர் நல்லா கதை விடுறார்" என்றான். நானும் தலையாட்டினேன். தமிழில் பேசுகிற தைரியம்.

விடிகாலை மூன்றரைக்கு எழுந்தோம். எழுந்தோம் என்பதே தப்பு. குறட்டைக் கச்சேரியில் தூங்கியவன் யார்? நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாறைகளில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயிண்டைத் தேடித் தேடி இன்னும் 600 மீட்டர். கீழே திரும்பிப் பார்த்தால் விளக்குகள் வரிசையாக ஊர்ந்து வருகின்றன, சாமி ஊர்வலம் மாதிரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்று மச்சினன் நான்கு பேட்டரிகளை பனியனுக்குள் போட்டிருந்தான். இரண்டு எப்படியோ நழுவி பேண்ட்டுக்குள் இறங்கிவிட்டன. ஒவ்வொரு பாறையிலும் கால் எடுத்து வைக்கும்போது அவன் போட்ட சத்தம் மூச்சிரைப்பு என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

உச்சியில் செம்மண் நிறத்தில் எரிமலைச் சரளை. காற்றை மறைக்க ஆட்கள் கல் அடுக்கிச் சிறு சுவர்கள் கட்டியிருந்தார்கள். ஒன்றின் பின்னால் இடம் பிடித்தோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது அலுமினிய ட்ரைபாட் எந்த மூலை? இரண்டு தடவை விழுந்தது. நடுத்தண்டில் என் பையைத் தொங்கவிட்டான், நின்றது. கேமராவை ஃபூர்னேஸ் பக்கம் திருப்பி, ஐந்து வினாடிக்கு ஒரு படம் என்று டைம்லாப்ஸ் போட்டான். ஒரு மணி நேரத்தில் 720 படம், ஓடினால் அரை நிமிடம்.

"போன்ல உதயம் 6.52 மாமா. இன்னும் நேரமிருக்கு."

இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி அந்தப் பெரியவர் நின்றார். எரிமலையைப் பார்க்காமல் வடகிழக்கே வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு. "பாவம், திசை தெரியலை போல" என்றான் மச்சினன்.

6.43க்கு அவன் போன் அடித்தது. புதுச்சேரியிலிருந்து வீடியோ கால், அத்தை. அங்கே மணி எட்டேகால்.

"காத்துல ஒண்ணும் கேக்கலைடா!"

காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினோம். அத்தை எங்கள் முகத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது, ஏன் ரெண்டு பேர் மூக்கும் ஒழுகுது. அடுத்து, நேற்று கறி தின்றீர்களா. மூன்றாவது கேள்வி பாதியில் நின்றது.

"டேய், உன் பின்னாடி என்னடா அது, யாராவது டார்ச் அடிக்கிறாங்களா?"

சுற்றியிருந்த முப்பது பேரும் ஒரே குரலில் "ஓ..." என்றார்கள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் தலையை நகர்த்துங்க, மறைக்குது!"

நகர்த்தினேன். மாமியார் சொல். பிறகுதான் உறைத்தது.

திரும்பினால் சூரியன் பாதி வெளியே. எரிமலை பக்கம் இல்லை, பெரியவர் பார்த்த பக்கம். மச்சினன் கேமராவை ட்ரைபாடிலிருந்து கழற்றப் போராடினான். விரல் மரத்துப்போயிருந்தது. வட்டம் முழுதும் மேலே வர இரண்டரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டரை நிமிடமும் நான் சும்மா நின்று பார்த்தேன். சூரியனின் அடி விளிம்பில் ரம்பப் பல் மாதிரி கறுப்பாக ஏதோ கடித்திருந்தது.

"மொரீஸ்!" என்றார் பெரியவர், விரலை நீட்டி. பிறகு எங்களைப் பார்த்து நிதானமாகத் தலையை ஆட்டினார். நாங்கள் இரவு பேசியது முழுக்க அவருக்குப் புரிந்திருக்குமோ என்று இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம்.

இறங்கும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். போன் சொல்லும் நேரம் கடல்மட்டத்துக் கணக்கு. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானமே கீழே இறங்கிவிடும். சூரியன் ஏழு நிமிடம் முன்னதாகத் தலைகாட்டும். திசை விஷயம் அதைவிட அவமானம். தெற்குக் கோளமோ வடக்குக் கோளமோ, ஜூலையில் சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளித்தான் உதிக்கும். மச்சினன் காட்டிய படம் யாரோ டிசம்பரில் எடுத்தது. ஆறாம் வகுப்புப் பாடம். ரெண்டு பேரும் பாஸ் செய்தவர்கள்தான்.

டைம்லாப்ஸில் ஃபூர்னேஸ் இருட்டிலிருந்து நீலமாகி, சாம்பலாகி, ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சாகிறது. பத்தொன்பதாவது வினாடியில் ஒருவருடைய நீலப் பை வந்து உட்கார்ந்து கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

ஆக, எங்கள் பயணத்தில் சூரிய உதயத்துக்கென்று இருக்கும் ஒரே படம் அத்தை புதுச்சேரி அடுப்படியில் நின்றபடி எடுத்த ஸ்கிரீன்ஷாட். இடது பக்கம் மச்சினனின் குல்லா, வலது பக்கம் வெளிச்சம் ஊடுருவிச் செம்பருத்தி மாதிரி சிவந்த என் காது, நடுவில் மிளகளவு சூரியன். அன்றைக்கே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் கும்பிடு போட்டிருந்தார்கள்.

மச்சினன் டிசம்பரில் திரும்ப வருகிறானாம். அப்போது இங்கே மழைக்காலம் தொடங்கிவிடும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. லென்ஸ் பையை அவனே தூக்குவானா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.