நின்ற மிஷினும் ஒரு கடப்பாரையும்

கல் உடைக்கும் கிரஷர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பயமெல்லாம் ஓடுகிற மிஷின் மேல்தான். இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கல்லை நசுக்கும் ஜா கிரஷர் ஓடும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு தாடை அசையாமல் நிற்கும், எதிர்த் தாடை நிமிடத்துக்கு இருநூறு, முன்னூறு தடவை வந்து வந்து மோதும். மேடை அதிரும், நெஞ்சுக்கூடு அதிரும், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அந்த வாய்க்குள் ஆள் உயரப் பாறை விழுந்து ஜல்லியாக வெளியே வருவதைப் பார்த்த முதல் நாள், சம்பளம் தந்தாலும் கிட்டே போக மாட்டேன் என்று தோன்றியது.

பதினாறு வருடம் கழித்து யோசித்தால், நான் நேரில் பார்த்த கண்டங்களில் முக்கால்வாசி மிஷின் நின்றிருந்தபோது நடந்தவை. ஓடுகிற மிஷின் தன் சத்தத்தாலேயே ஆளை விரட்டிவிடும். நின்றதும்தான் நாம் கையில் ஸ்பேனரோடு உள்ளே இறங்குகிறோம்.

முதல் கண்டம் ஒரு இரவு ஷிப்டில். தட்டையான பாறை ஒன்று தாடைகளுக்கு நடுவே குறுக்காக விழுந்து மாட்டிக்கொண்டது. மோட்டார் முனகி, பெல்ட் வழுக்கி, கருகிய ரப்பர் வாடை வந்து, ட்ரிப் ஆகி நின்றுவிட்டது. ஹெல்பர்கள் எல்லோரும் மேடையில் கூடினோம். எங்கள் மூத்த ஃபிட்டர் கடப்பாரையோடு வாயின் விளிம்பில் ஏறினார்.

"கரண்ட் போயிருச்சுல்ல, அப்புறம் என்ன தம்பி? ஒரு குத்துல இறங்கிரும்."

மூன்றாவது குத்தில் பாறை சரிந்தது. அசையாமல் கிடந்த பிளைவீல், அதாவது பக்கவாட்டில் இருக்கும் கனமான சக்கரம், சட்டென்று அரைச் சுற்று சுற்றியது. தாடை ஒரே ஒரு தடவை மூடித் திறந்தது, அவ்வளவுதான். கடப்பாரை அவர் கையை விட்டுப் பறந்து, மேல்கூரைத் தகட்டில் மோதி, பின்னால் போய் விழுந்தது. அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று இரவு முழுவதும் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தகட்டில் விழுந்த குழி இன்னும் இருக்கிறது.

மின்சாரம் இல்லாத சக்கரத்துக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. கல் மாட்டி நின்ற கிரஷர் நாணேற்றிய வில் மாதிரி. தாடை பாதி வீச்சில் நிற்கிறது. மோட்டார் இழுத்த இழுப்பு வி-பெல்ட்டில் இறுகிக் கிடக்கிறது. பிளைவீலில் ஒரு பக்கம் எதிர் எடை உண்டு, அது மேலே போய் நின்றிருந்தால் எப்போது இறங்கலாம் என்று காத்திருக்கும். பின்னால் தாடையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் ராடின் ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. இத்தனையையும் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு பாறைதான். அதைத்தான் அவர் கடப்பாரையால் குத்தினார்.

கல் மாட்டாமல் சாதாரணமாக நிறுத்தினாலும் சக்கரம் உடனே ஓயாது. எங்கள் மிஷினில் பட்டனை அழுத்தியதிலிருந்து கடிகாரம் பிடித்துப் பார்த்தேன், நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. கடைசி ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. பெல்ட் கவரைக் கழற்றப் போகிறவனை ஏமாற்றுவது அந்த ஒரு நிமிடம்தான். முழுக்க ஓய்ந்த பிறகும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, அசையாமல் கட்டிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். மாட்டிய பாறையை எடுக்க ஹைட்ராலிக் ராக் பிரேக்கர் இருந்தால் அதுதான் சரி, ஆள் தூரத்தில் நின்று இயக்கலாம். அது இல்லையென்றால் கொக்கி போட்டுத் தூக்க வேண்டும். நேரம் ஆகும். ஆகட்டும்.

அடுத்து பூட்டு விஷயம். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டால் மிஷின் செத்துவிட்டது என்றுதான் எங்களில் பாதிப் பேர் நம்பினோம். அந்தப் பட்டன் கண்ட்ரோல் வயரை மட்டும்தான் துண்டிக்கிறது. பேனலில் மெயின் லைன் உயிரோடு இருக்கும். பட்டனை யாராவது திருப்பி விட்டுவிட்டு ஸ்டார்ட்டை அமுக்கினால் கதை முடிந்தது. ஒருமுறை நான் சல்லடைக்கு அடியில் படுத்து போல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். ஷிப்ட் மாறி வந்த ஆபரேட்டருக்கு நான் அங்கே இருப்பது தெரியாது. ஓட்டுவதற்கு முன் அடிக்கும் சைரன் அடித்தது. எப்படி வெளியே வந்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது, ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. (ஆம், செருப்புதான். சேஃப்டி ஷூ போட்டிருக்க வேண்டும். அது தனிக் கதை.)

அதன் பிறகு ஆளுக்கொரு பூட்டு என்று கேட்டு வாங்கினோம். உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் பிரேக்கரில் தன் பூட்டைப் போட வேண்டும், சாவி அவரவர் பையில். ஆறு பேர் இறங்கினால் ஆறு பூட்டு. "ஆறு பேருக்கு ஒரு பூட்டு பத்தாதா?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். பத்தாது. ஒரு பூட்டு என்றால், அதைப் போட்டவர் வெளியே வந்ததும் எடுத்துவிடுவார், ஐந்து பேர் உள்ளேயே இருப்பார்கள்.

பூட்டுப் போட்ட பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பதை நான் முதலில் சம்பிரதாயம் என்றே நினைத்தேன். ஒருநாள் அப்படி அமுக்கியதும் மோட்டார் ஓடியது! எப்போதோ பேனலில் வேலை செய்தவர்கள் இரண்டு பிரேக்கர்களின் பெயர்ச் சீட்டையும் மாற்றி ஒட்டியிருந்தார்கள். நாங்கள் ஆறு பூட்டையும் அழகாகப் பூட்டியது பக்கத்து கன்வேயருக்கு. அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டாகிள் பிளேட் பற்றிச் சொல்லாமல் ஜா கிரஷர் பற்றிப் பேச முடியாது. அசையும் தாடைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும் தகடு அது. அமெரிக்காவில் ஏலி விட்னி பிளேக் என்பவர் சாலை போடக் கல் உடைக்கும் சிரமத்தைப் பார்த்து 1858-ல் ஜா கிரஷருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் ஓட்டுகிற மிஷினிலும் அடிப்படை அதேதான். டாகிள் பிளேட்டுக்கு இரண்டு வேலை. தாடையைத் தாங்குவது ஒன்று, தாங்க முடியாத பாரம் வந்தால் முதலில் தான் உடைவது இன்னொன்று. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் மாதிரி.

எங்கள் பழைய முதலாளிக்கு இந்த இரண்டாவது வேலை பிடிக்கவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு தடவை உடைந்ததும், "தரமில்லாத சாமான்" என்று சொல்லி, பட்டறையில் தடிமனான இரும்பில் ஒன்று செய்து கொண்டுவந்து மாட்டச் சொன்னார். நான்தான் மாட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் உடையவே இல்லை. பிறகு ஒருநாள் கல்லோடு லோடர் பக்கெட்டின் இரும்புப் பல் ஒன்று சேர்ந்து வந்தது. டாகிள் நின்று பிடித்தது, தாடையை ஆட்டும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் பேரிங் போனது, அசையும் தாடையைத் தாங்கும் பிட்மேனில் விரிசல் விழுந்தது. மூன்று வாரம் மிஷின் படுத்துக்கொண்டது. உடைந்த டாகிளை மாற்ற அரை நாள் போதும். மாற்றும்போதும் கவனம் வேண்டும்: ஸ்பிரிங்கைத் தளர்த்துவதற்கு முன்பே அசையும் தாடையைச் சங்கிலியால் கட்டிவிட வேண்டும். டாகிளை எடுத்ததும் பின்னால் முட்டு இருக்காது, பல டன் எடையுள்ள தாடை ஊஞ்சல் மாதிரி பின்னால் ஆடும்.

பக்கெட் பல்லைப் பிடிக்க காந்தம் இல்லையா என்று கேட்பார்கள். எங்களிடம் காந்தம் இருந்தது முதல் கிரஷரைத் தாண்டிய பிறகு, பெல்ட் மேல், கல்லை இன்னும் சிறிதாக்கும் அடுத்த மிஷினான கோன் கிரஷரைக் காப்பாற்ற. முதல் வாய்க்கு முன்னால் இருப்பது லோடர் ஓட்டுபவரின் கண் மட்டும்தான். அதனால் ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் பக்கெட்டில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணச் சொல்வேன். ஒன்று குறைந்தால், கல்லை வாய்க்குள் தள்ளும் ஃபீடரை நிறுத்திவிட்டுத் தேடு. அப்புறம் இன்னொன்று: தாடைத் தகடுகள் மாங்கனீஸ் எஃகு, அதைக் காந்தம் இழுக்காது. தகட்டுத் துண்டு உடைந்து கல்லோடு போனால் காந்தத்துக்கு அடியிலேயே ராஜநடையாகப் போகும். அதைப் பிடிக்க மெட்டல் டிடெக்டர்தான் வேண்டும்.

அந்த எஃகின் குணம் விசித்திரமானது. இங்கிலாந்தில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1882-ல் கண்டுபிடித்தது, சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ். அடி விழ விழ மேல்தோல் இறுகும், உள்ளே இளக்கமாகவே இருக்கும். கல் உடைக்க இதைவிடத் தோதான உலோகம் கிடையாது. ஆனால் இறுகிய அந்தத் தோலில் சம்மட்டியால் ஓங்கிப் போட்டால் சில்லு தெறிக்கும், தோட்டா மாதிரி. என் இடது முன்கையில் அரிசி அளவில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. மச்சம் என்று நினைப்பவர்களிடம் நான் மறுப்பதில்லை. தகட்டைத் தூக்குவதற்காக அதன் மேல் கொக்கியை வெல்டிங் வைக்கவும் நான் யாரையும் விடுவதில்லை. சூடு பட்ட இடத்தில் இந்த எஃகு நொறுங்கும் குணத்துக்கு மாறிவிடும், தொங்கும்போது கொக்கி கழன்றால் கீழே நிற்பவர் கதி என்ன?

பேரிங் சூடு, கிரீஸ் இதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கிரீஸ் கூடினாலும் பேரிங் சூடாகும். சூடாகிறதே என்று இன்னும் கொஞ்சம் கிரீஸ் அடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் வெப்பநிலையை எழுதி வைத்தால், அளவு எப்போது ஏறத் தொடங்கியது என்று நோட்டுப் புத்தகமே காட்டிக்கொடுக்கும்.

தூசி இன்னொரு மாதிரி. அது ஒரு நாளில் ஆளைத் தள்ளாது. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, உடைபடும்போது கண்ணுக்குத் தெரியாத பொடியாக அது நுரையீரலின் அடிவரை போகும். அதனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் திரும்ப வழி இல்லை. கண்ணுக்குத் தெரிகிற புழுதியைவிடத் தெரியாததுதான் மோசம் என்பதால், மூக்கில் கட்டும் துண்டு மனத் திருப்திக்கு மட்டும்தான். தண்ணீர் தெளிக்கும் நாசில் அடைத்தால் உற்பத்தி நிற்காது, ஆகவே யாரும் அதைக் கவனிப்பதில்லை. நாசில் அடைத்தால் ஃபீடரை நிறுத்து என்று எழுதி ஒட்டினேன். என்னைத் திட்டாத ஆபரேட்டர் இல்லை.

ஓடுகிற மிஷினால் நடந்த விபத்தே இல்லையா என்றால், கன்வேயர் பெல்ட் இருக்கிறதே. பெல்ட் திரும்பி வரும் அடிப்பக்கத்தைத் தாங்கும் ரிட்டர்ன் ரோலரில் ஒட்டிய சேற்றை, பெல்ட் ஓடும்போதே மண்வெட்டியால் சுரண்டுவது. மண்வெட்டியை ரோலர் இழுக்கும், மண்வெட்டியை விடத் தோன்றுவதற்கு முன் கை உள்ளே போயிருக்கும். கிரஷரைப் பார்த்துப் பயப்படுகிறவன்கூட பெல்ட்டைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அது சாதுவாக ஊர்ந்துகொண்டிருப்பது போலவே இருக்கும்.

ராக் பிரேக்கர் வந்து நாலு வருடம் ஆகிறது. வந்த அன்றே அந்தப் பழைய கடப்பாரையை மேடையிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் வைத்தேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் மேடைக்குப் போனால், கடப்பாரை கிரஷர் வாய்க்குப் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து நிற்கிறது. நுனியில் புதுக் கல் பொடி. யாரிடம் கேட்டாலும் தெரியாது என்றார்கள். ராக் பிரேக்கரின் ஹைட்ராலிக் ஓஸ் ஒன்று முந்தைய இரவு வெடித்திருக்கிறது, அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஓஸ் மாற்றச் சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் திரும்ப ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன்.

மறு வாரம் ஒரு பையன் வந்து நின்றான்.

"அண்ணே, பெல்ட்டுக்கு அடியில கல்லு குவிஞ்சு கெடக்கு. தள்ளணும், கடப்பாரை வேணும்."

"பெல்ட் நின்னுருச்சா?"

சட்டைப் பையிலிருந்து தன் சாவியை எடுத்துக் காட்டினான். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.