640×480 போட்டோவை நாலு மடங்காக்குறேன், முகம் வரைக்கும் வந்தாச்சு

தாத்தா கடை வாசல்ல நிக்கிற போட்டோ. நோக்கியா 6600ல எடுத்தது, விஜிஏ கேமரா, மொத்தமே மூணு லட்சம் பிக்சல் சொச்சம்தான். நாலு மடங்காக்குனா 2560×1920, அதாவது ஒரு பிக்சல் இருந்த இடத்துல 16 வரணும். பைக்யூபிக்னு வழக்கமா படத்தைப் பெருசாக்குற முறை, பக்கத்து பிக்சல்களோட மதிப்பை வச்சு கணக்குப் போட்டு நிரப்பும், படம் பெருசாகும், மங்கல் அப்படியே இருக்கும்.

அதனால ரியல்-இஎஸ்ஆர்கான் ஓட்டுனேன். 2021ல வந்த, படத்தைப் பெருசாக்குற ஏஐ மாடல். நல்ல படத்தை எடுத்து மங்கலாக்கி, சின்னதாக்கி, நாய்ஸ் சேத்து, ஜேபெக்ல அமுக்கி, அதையே இன்னொரு ரவுண்டும் பண்ணி நல்லா கெடுத்துட்டு, அப்புறம் அதுலருந்து பழைய படத்தை மீட்கச் சொல்லி இதைப் பழக்கியிருக்காங்க. பழைய போன் போட்டோவுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். வேட்டி மடிப்பு, ஓடு, மரத்தூண் எல்லாம் அருமையா வந்துச்சு. ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) சின்னதா இருக்கிறவங்க டைல் சைஸை, அதாவது படத்தைப் பிரிச்சு ஓட்டுற துண்டோட அளவைக் கொறச்சுப் போடுங்க, மெதுவா ஓடினாலும் ஓடிடும்.

கடை போர்டு எழுத்துதான் வரல. புள்ளிய தூசின்னு நெனச்சு தொடச்சிடுது, 'ழ'வோட சுழி ஏதோ கோலமாயிடுது. அந்த இடத்துக்கு பைக்யூபிக்கையே விட்டுட்டேன், மங்கலா இருந்தாலும் படிக்கலாம்.

முகத்துக்கு கோட்ஃபார்மர், முகத்தை மட்டும் சரிபண்ற ஏஐ மாடல். அதுல 0லருந்து 1 வரைக்கும் ஒரு அளவு இருக்கு, 0 பக்கம் போனா பளிச்சுன்னு இருக்கும், 1 பக்கம் போனா ஒரிஜினலுக்கு நெருக்கமா இருக்கும். 0.5ல வந்ததை பாட்டிகிட்ட காட்டுனேன், "நல்லாத்தான் இருக்கு, நெத்தித் தழும்பு எங்கப்பா?"ன்னாங்க. மாடல் கத்துக்கிட்டது எஃப்எஃப்எச்க்யூங்கிற முகப்பட தொகுப்புல இருக்கிற 70,000 முகத்தை வச்சு, அதுக்கு தாத்தாவோட தழும்பு எப்படித் தெரியும்.

மாடல் எங்க மாத்தியிருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வழி: வந்த படத்தை திரும்ப 640×480க்கு சின்னதாக்கி, கிம்ப்ங்கிற போட்டோ எடிட்டர்ல ஒரிஜினல் மேல வச்சு லேயர் மோடை டிஃபரன்ஸ்க்கு மாத்துங்க. கறுப்பா இருந்தா பொருந்துது, வெளிச்சமா தெரியிற இடத்துல மாடல் மாத்தியிருக்கு. நெத்தி அப்படியே மின்னுச்சு. ஆனா முழுக்க கறுப்பா இருந்தாலும் அது நிஜ முகம்னு ஆகிடாது, ஏன்னா எத்தனையோ பெரிய படங்க ஒரே சின்ன படமா சுருங்கும். 2020ல பல்ஸ்னு ஒரு மாடல், சின்னதாக்குனா பொருந்துற முகத்தைத் தேடுறதே அதோட வேலை, கட்டம் கட்டமா இருந்த ஒபாமா படத்தைக் குடுத்ததுக்கு ஒரு வெள்ளைக்காரர் முகத்தைக் குடுத்துச்சு. அதனால கடைசியா பாத்து சொல்ல வேண்டியது அந்த முகத்தோட வாழ்ந்தவங்கதான்னு நான் நினைக்கிறேன்.

இப்போ 0.8ல வச்சு, லேயர் மாஸ்க் போட்டு நெத்தியை மட்டும் பைக்யூபிக்லருந்து எடுத்திருக்கேன். தழும்பு வந்துடுச்சு, பாட்டியும் சரின்னுட்டாங்க. 300 டிபிஐல (இன்ச்சுக்கு 300 புள்ளி) 8×6 இன்ச் பிரிண்டுக்கு தாராளமா போதும். அடுத்து கண்ணு, இடது கண்ணுல அந்த லேசான சுருக்கம் இன்னும் வரல.