இடது பக்கம் படுத்த இரவுகள்

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி முடிந்து, பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொன்னபோது, நாலு மாத்திரையோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். புண் இருந்தது மலக்குடலிலும் அதற்கு மேலே இடப்பக்கப் பெருங்குடலிலும். வாயில் போடும் மருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேருவதே பெரும்பாடு என்று அப்போது தெரியாது.

எழுதிக் கொடுத்தது குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன். வெறும் மருந்தாக விழுங்கினால் பெரும்பகுதியைச் சிறுகுடலின் மேற்பகுதியே உறிஞ்சிவிடும். அதனால் மாத்திரைக்கு ஒரு பூச்சு. இரைப்பை அமிலத்தில் கரையாது, அமிலத்தன்மை தணிந்து பிஎச் 7ஐ நெருங்கும் சிறுகுடலின் கடைசியில்தான் கரையத் தொடங்கும். நான் என்ன செய்தேன்? பெரிதாக இருக்கிறதே என்று முதல் நாளே இரண்டாக உடைத்து விழுங்கினேன். பூச்சையே உடைத்துவிட்டீர்களே என்று மருந்தாளுநர் தலையில் கை வைத்தார்.

சில நாளில் கழிவறையில் மாத்திரை முழுசாகக் கிடந்தது. பகீரென்றது. மருந்து இறங்கிய பிறகு வெறும் கூடு வருவதும் உண்டாம். ஆனால் வயிற்றுப்போக்கின் வேகத்தில் கரையாமலே வெளியேறியும் இருக்கலாம் என்றார் டாக்டர். பழைய மருந்தான சல்ஃபசலசினில் பூச்சு வேலையே இல்லை, இரண்டு மருந்துகளைச் சேர்த்திருக்கும் கண்ணியைப் பெருங்குடல் பாக்டீரியாக்களே வெட்டும் என்றும் சொன்னார். குடலுக்குள் இருப்பவர்களிடமே சாவியைக் கொடுத்த மாதிரி! அதில் வேலை செய்யும் பாதி இதே மெசலமைன்தான் என்று 1977இல் ஆக்ஸ்போர்டில் கண்டுபிடித்தது, இரண்டையும் தனித்தனியே எனிமாவாக, அதாவது ஆசனவாய் வழியே செலுத்தும் திரவமாகக் கொடுத்துப் பார்த்துத்தான்.

எனக்கும் கடைசியில் எனிமாதான். ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி குளிகை மலக்குடலோடு நின்றுவிடும், நுரை மருந்து அதற்கு அடுத்த வளைவு வரை, திரவ எனிமா இடப்பக்கம் மேலே மண்ணீரல் பக்கத்து வளைவு வரை ஏறும். மாத்திரையை நிறுத்தவில்லை, இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல்.

முதல் இரவு பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. 60 மில்லி திரவம் குடலுக்குள் ஒரு குடம் போலிருந்தது. குளிர்ச்சியோடு, அவசரமாகப் பிதுக்கியதுதான் தப்பு. மறுநாள் முதலில் கழிவறை போய்வந்து, பாட்டிலை உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்து, நன்றாகக் குலுக்கி, முனையில் வழுவழுப்புக் களிம்பு தடவினேன். இடது பக்கம் படுத்து வலது முழங்காலை மடக்கிக்கொண்டு, மெதுவாக அழுத்தினேன். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கம்தான் இருக்கிறது. அப்படிப் படுத்தால் மருந்து தானாக அங்கே இறங்கும். அரை மணி நேரம் புரளக் கூடாது. கீழே பழைய துண்டு கட்டாயம், கறை போகவே போகாது. என் நல்ல போர்வை ஒன்று அப்படித்தான் போனது.

ஐந்தாம் இரவு விடியும் வரை தாங்கியது. ஆறு வாரத்தில் மலத்தோடு வந்த ரத்தம் நின்றது. இப்போது எனிமா வாரத்தில் இரண்டு இரவு. மாத்திரை தினமும், உடைக்காமல்.