எங்கள் தோப்புக்கு வந்த எச்சரிக்கை

13 நவம்பர் 2018, செவ்வாய்

கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடல் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். "புயலெல்லாம் கடற்கரைக்காரங்களுக்குத்தான்" என்கிறார் சித்தப்பா. அப்பாயி மட்டும் 1977 புயலை விடவில்லை. "அன்னைக்கும் இதே ஐப்பசிக் கடைசிதான்டா."

15 நவம்பர், வியாழன்

இன்று ராத்திரி வருகிறது. காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டி, கூரை வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு இரண்டு குடும்பங்கள் எங்கள் மாடி வீட்டுக்கு வந்துவிட்டன. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடிக்குமாம். சரி, அந்தக் காற்று தென்னையை என்ன செய்யும்? அதை யாரும் சொல்லவில்லை. மரமெல்லாம் காயும் குலையுமாக நிற்கிறது.

16 நவம்பர், வெள்ளி

பென்சிலில் எழுதுகிறேன். கரண்ட் இல்லை, போன் இல்லை.

நள்ளிரவு தாண்டி வடக்கேயிருந்து பிடித்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்து நானும் சித்தப்பாவும் முதுகைச் சாய்த்துக்கொண்டோம். தாழ்ப்பாளின் நடுக்கம் முதுகெலும்பு வரை வந்தது. பின்னிரவில் திடீரென்று நின்றுவிட்டது. இலை அசையவில்லை. மாட்டைப் பார்க்கச் சித்தப்பா எழுந்தபோது அப்பாயி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்: "இது புயலோட கண்ணுடா. மறுபக்கம் திரும்பி வரும்." வந்தது, தெற்கேயிருந்து. வடக்குக் காற்றில் ஆடித் தளர்ந்த மரங்களைப் பிடுங்கிப் போட்டது அதுதான். ஒவ்வொன்றாக விழும் சத்தத்தை நான் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

19 நவம்பர், திங்கள்

140 மரத்தில் 11 நிற்கிறது. சிலவற்றுக்குக் கொண்டையே இல்லை, ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி திருகிக் கிடக்கின்றன.

முன்கூட்டியே 80 ஆயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குப் போயிருந்தார்களாம். எச்சரிக்கை மட்டும் இல்லையென்றால் எத்தனை உயிர் போயிருக்கும்! அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கரையைக் கடந்த பிறகும் கஜா வேகம் அடங்காமல் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று உள்ளே ஏறியது. 'கரையைக் கடக்கும்' என்ற சொல்லைக் கேட்டு, அதோடு முடிந்துவிடும் என்று உள்ளூர்க்காரர்கள் நினைத்துவிட்டோம். காற்றின் வேகத்தைச் சொல்பவர்கள், அது எந்த ஊர்வரை வரும், எதைச் சாய்க்கும், அதற்குள் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கையில் இருந்ததே. குலைகளை இறக்கி மரத்தின் பாரத்தையாவது குறைத்திருக்கலாம்.

24 நவம்பர் 2020, செவ்வாய்

நிவர் புயல். காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, நாளை இரவு. நமக்கு வடக்கேதான் போகும் என்று தெரிகிறது. இருந்தாலும் இம்முறை விவசாயிகள் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது: முற்றிய குலைகளை இறக்குங்கள், அடிமட்டைகளைக் கழியுங்கள். இரண்டே வரி. அதை உரக்கப் படித்துக் காட்டியபோது அப்பாயி ஒன்றும் பேசவில்லை. அரிவாளை எடுத்து வந்து திண்ணையில் வைத்தாள்.

மரம் ஏறும் அண்ணனைக் கூப்பிட்டோம். காலையிலிருந்து ஏழு மரம் முடிந்துவிட்டது. எட்டாவதில் இருக்கும்போது தூறல் பிடித்தது. "வழுக்கும், இறங்குப்பா" என்று கத்தினேன். "இந்த ஒரு குலைதான்" என்றார் மேலேயிருந்து.