ஸ்பிரிங் பூட்டில் ஃபைல் அப்லோட்: இன்டர்வியூவுக்கு எந்த வரிசையில் படிக்கலாம்?

ஜாவா டெவலப்பர் வேலைக்கான இன்டர்வியூவில் ஃபைல் அப்லோட் பற்றிக் கேட்டால், பெரும்பாலானோர் உடனே ஒரு கன்ட்ரோலரை, அதாவது கோரிக்கையை வாங்கிப் பதில் சொல்லும் கிளாஸை, எழுதிக் காட்டுவார்கள். மல்ட்டிபார்ட்ஃபைல் என்று ஒரு பாராமீட்டர், டிரான்ஸ்ஃபர்டூ மெத்தட், முடிந்தது கதை. ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் அதைப் பத்து வரிக்குள் அடக்கிவிட்டது, கேட்பவருக்கும் அது தெரியும். அதனால் அடுத்த கேள்வி இப்படி வரும்: "சரி, யூசர் 15 எம்.பி. வீடியோ ஒன்றை அனுப்புகிறார். என்ன நடக்கும்?" டுடோரியலை மட்டும் படித்துவிட்டுப் போனவர்கள் திணறுவது இங்கேதான். பிரவுசரிலிருந்து கிளம்பும் கோப்பு டிஸ்க்கில் போய்ச் சேரும் வரை எந்தெந்த இடங்களைக் கடக்கிறது என்று பின்தொடர்ந்து படித்த பிறகுதான் எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது.

முதல் நாள் ஃபிரேம்வொர்க்கைத் தொடவே வேண்டாம். ஒரு எச்டிஎம்எல் ஃபார்மில் ஃபைல் இன்புட் ஒன்றை வைத்து, மெத்தடை போஸ்ட் ஆக்கி, என்க்டைப் (டேட்டாவை எந்த வடிவில் அனுப்புவது என்ற குறிப்பு) எதுவும் கொடுக்காமல் சப்மிட் செய்து பாருங்கள். கோப்பின் பெயர் மட்டும்தான் சர்வருக்குப் போகும், உள்ளடக்கம் போகாது. அப்புறம் கர்ல் கமாண்டில் டிரேஸ் வசதியைப் போட்டு, அதே கோப்பை மல்ட்டிபார்ட் ஆக, அதாவது பல பகுதிகள் கொண்ட கோரிக்கையாக, அனுப்புங்கள். கன்டென்ட்-டைப் ஹெடரின் கடைசியில் பவுண்டரி என்று ஒரு நீளமான குறியீடு இருக்கும். அந்தக் குறியீடுதான் ஒவ்வொரு பகுதியையும் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் சொந்த ஹெடர்கள், ஒரு வெற்று வரி, பிறகு பைட்டுகள். 1995-இல் ஆர்எஃப்சி 1867 என்ற இணையத் தர ஆவணம் கொண்டுவந்த அமைப்பு இது. இப்போது நடப்பில் இருப்பது 2015-இன் ஆர்எஃப்சி 7578. இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவர்களுக்கு, ஏபிஐ சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனில் கன்டென்ட்-டைப்பைக் கையால் டைப் செய்தால் ஏன் "பவுண்டரி இல்லை" என்று எரர் வருகிறது என்பதை விளக்கவே தேவையில்லை.

அடுத்தது செர்வ்லெட், அதாவது ஜாவா வெப் சர்வர்கள் கோரிக்கைகளைக் கையாளும் பொது விதிமுறை. 2009-இல் செர்வ்லெட் 3.0 வரும் வரை ஜாவாவில் இதற்குப் பொதுவான வழி கிடையாது. அப்பாச்சி காமன்ஸ் ஃபைல்அப்லோட் நூலகத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். பழைய புராஜெக்ட்களில் இன்னும் அதைப் பார்க்கலாம். ஸ்பிரிங் 6 அந்த நூலகத்தை இணைக்கும் ரிசால்வர் கிளாஸை நீக்கிவிட்டதால், மைக்ரேஷன் பற்றிப் பேசும்போது இந்தப் பேச்சு வரும். நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: வழக்கமான ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனில் வரும் கோப்பைப் பிரித்து எடுப்பது ஸ்பிரிங் இல்லை, அப்ளிகேஷனுக்குள்ளேயே ஓடும் வெப் சர்வரான டாம்கேட். டாம்கேட் கொடுக்கும் பார்ட் என்ற பொருளுக்கு மேல் போட்ட உறைதான் மல்ட்டிபார்ட்ஃபைல்.

இப்போது அந்த 15 எம்.பி. கேள்விக்கு வருவோம். அப்ளிகேஷனுக்கு முன்னால் கோரிக்கைகளை முதலில் வாங்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் இருந்து, அதன் அமைப்பை யாரும் மாற்றவில்லை என்றால், அதன் எல்லை 1 எம்.பி.; கோரிக்கை அங்கேயே 413 (அளவு மிகப் பெரிது) என்ற எரர் வாங்கித் திரும்பிவிடும், உங்கள் ஜாவா லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. என்ஜின்எக்ஸ் இல்லையென்றால் ஸ்பிரிங் பூட்டின் இயல்பு எல்லைகள்: ஒரு கோப்புக்கு 1 எம்.பி., மொத்தக் கோரிக்கைக்கு 10 எம்.பி. அதைத் தாண்டினால் எக்ஸெப்ஷன் வரும், ஆனால் அது கன்ட்ரோலர் மெத்தடுக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதனால் மெத்தடுக்குள் டிரை-கேட்ச் போட்டுப் பயனில்லை. எல்லா கன்ட்ரோலர்களின் எக்ஸெப்ஷன்களையும் ஒரே இடத்தில் கையாளும் கன்ட்ரோலர் அட்வைஸில்தான் பிடிக்க வேண்டும்.

அங்கே பிடித்து அழகாக ஒரு செய்தி எழுதினாலும், பிரவுசரில் "கனெக்ஷன் ரீசெட்" என்றே வரலாம். இதை லோக்கலில் நீங்களே செய்து பாருங்கள், மறக்காது. கோரிக்கையை நிராகரித்த பிறகு, இன்னும் வந்துகொண்டிருக்கும் பைட்டுகளை டாம்கேட் படித்துத் தூக்கிப்போடும். அதற்கு ஒரு வரம்பு உண்டு, இயல்பாக 2 எம்.பி. மிச்சம் அதற்கு மேல் இருந்தால் இணைப்பையே துண்டித்துவிடும். பிரவுசர் அனுப்புவதிலேயே மும்முரமாக இருப்பதால் உங்கள் பதிலைப் படிப்பதே இல்லை. மேக்ஸ்-ஸ்வாலோ-சைஸ் என்ற அமைப்பு இதற்குத்தான். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால், நீங்கள் இதைக் கையால் செய்து பார்த்தவர் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சேமிக்கும் இடத்தில் ஒரு பொறி உண்டு. டிரான்ஸ்ஃபர்டூ மெத்தடுக்கு ஃபைல் பொருளாக ரிலேட்டிவ் பாதை கொடுத்தால், கோப்பு டாம்கேட்டின் தற்காலிக டைரக்டரிக்குள் போய்விடும். அதே பாதையை பாத் பொருளாகக் கொடுத்தால் அப்ளிகேஷன் ஓடும் டைரக்டரிக்குப் போகும். அதனால் எப்போதும் முழுப் பாதையையே கொடுங்கள். டேட்டாபேஸில் பிளாப் (பைனரி டேட்டா) ஆக வைப்பதா, டிஸ்க்கிலா, அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-யிலா என்ற கேள்விக்கு ஒரே சரியான பதில் இல்லை. காரணம் சொன்னால் போதும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களை விடாதீர்கள். கோப்பின் பெயரும் கன்டென்ட்-டைப்பும் யூசர் அனுப்புபவை, எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். பெயருக்குள் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வைத்து மேல் டைரக்டரிக்கு ஏறிவிடுவார்கள். யுயுஐடி (மீண்டும் வராத தனி அடையாள எண்) ஒன்றை உருவாக்கி அந்தப் பெயரில் சேமித்து, பழைய பெயரை டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். வகையை அறிய கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்க்க வேண்டும். அப்பாச்சி டிகா என்ற நூலகம் அதைச் செய்யும்.

உதாரணம் கேட்டால் ஸ்டிரட்ஸ் 2 என்ற ஜாவா வெப் ஃபிரேம்வொர்க்கைச் சொல்லுங்கள். 2017-இல் வெளிவந்த சிவிஇ-2017-5638 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்), அப்லோடைப் பிரிக்கும் பகுதியில் இருந்த ஓட்டை. கன்டென்ட்-டைப் ஹெடரில் ஓர் எக்ஸ்பிரஷனை எழுதி அனுப்பினால், பிழைச் செய்தியைத் தயாரிக்கும்போது சர்வர் அதை இயக்கிவிடும். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் போனது இதன் வழியாகத்தான். 2023 டிசம்பரில் அதே ஃபிரேம்வொர்க்கின் அப்லோடில் பாதை மாற்றும் ஓட்டை ஒன்றும் வெளிவந்தது.

டெஸ்ட் எழுதச் சொன்னால் ஸ்பிரிங்கின் டெஸ்ட் கருவியான மாக்எம்விசி-யில், போலிக் கோப்பான மாக்மல்ட்டிபார்ட்ஃபைல் போட்டு எழுதலாம், எளிது. ஆனால் அதில் டாம்கேட்டே ஓடுவதில்லை, ஆகவே 50 எம்.பி. அனுப்பினாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். அளவு எல்லைகளைச் சோதிக்க ரேண்டம் போர்ட்டில் நிஜ சர்வரை எழுப்பும் டெஸ்ட் தனியாக ஒன்று வேண்டும்.